ஃப்ரீமான்ட் தெரு தல புராணம்

லாஸ் வேகாஸ் போய்வந்தேன் என்று போட்டோ காட்டுகிறவர்களில் பலர் லாஸ் வேகாஸுக்குள் காலே வைத்திருக்க மாட்டார்கள். ஆடும் நீரூற்று, பாதி உயர ஐஃபெல் கோபுரம், கட்டடத்துக்குள் ஓடும் வெனிஸ் வாய்க்கால் எல்லாம் இருக்கிற இடத்துக்குப் பதிவேட்டில் பெயர் பாரடைஸ். அதாவது சொர்க்கம். 1950-ல் லாஸ் வேகாஸ் நகராட்சி எல்லையை நீட்டி வரி வாங்கப் பார்த்தபோது, ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் அந்த நெடுஞ்சாலையின் கேசினோ முதலாளிகள் மாவட்ட நிர்வாகத்தைப் பிடித்து, நாங்கள் தனி ஊர் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வரிக்குப் பயந்து சொர்க்கத்துக்குக் குடிபோனவர்கள் உலக சரித்திரத்தில் இவர்கள் மட்டும்தான்.

அசல் லாஸ் வேகாஸ் வடக்கே சில மைல் தள்ளி, ஃப்ரீமான்ட் தெருவில் இருக்கிறது. கோயில் கணக்கில் சொன்னால் ஸ்ட்ரிப் உற்சவர். பட்டும் பூவும் வாணவேடிக்கையும் அவருக்கு. ஃப்ரீமான்ட் தெரு மூலவர். எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம். அங்கே கணக்கு வழக்கு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் ஒரு புண்ணியவான் வந்து, ‘தெரு செத்துவிட்டது, நான் உயிர் கொடுக்கிறேன்’ என்று மார்தட்டுவார். அந்தத் திருப்பணிகளின் புராணம் இது.

தல வரலாறு

1844-ல் ஜான் ஃப்ரீமான்ட் என்ற ராணுவ ஆய்வாளர் அந்தப் பாலைவனத்து நீர்ச்சுனை ஓரமாக ஒரு ராத்திரி கூடாரம் அடித்தார். தண்ணீர் குடித்தார், குறிப்பு எழுதினார், மறுநாள் கிளம்பிவிட்டார். லாஸ் வேகாஸுக்குப் போய் ஒரு காசுகூடத் தோற்காமல் திரும்பியவர் என்பதற்காகத்தான் தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள். இன்றைக்கு அந்த ஊரில் பச்சையாக இருப்பது சூதாட்ட மேஜை விரிப்பு.

ஊரை ஊராக்கியவர் வில்லியம் கிளார்க். மான்டானா மாநிலத்துச் செப்புச் சுரங்க அதிபர். செனட் பதவிக்காக மான்டானா சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்தார் என்று நாறி, 1900-ல் பதவியை விட்டு இறங்கி, அடுத்த வருடமே மறுபடி செனட்டர் ஆனவர். ஓட்டுக்குப் பணம் என்பதை நாம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இந்த மகானின் ரயில் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கும் சால்ட் லேக் நகரத்துக்கும் தண்டவாளம் போட்டபோது, நடுவில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சுனை இருந்ததால் ஊர் பிறந்தது.

1905 மே 15 அன்று 110 ஏக்கர் நிலத்தை மனை மனையாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். கொளுத்தும் வெயில். மனை வாங்கினால் ரயில் டிக்கெட் காசு கழிவு. இலவச வேனும் மதியச் சாப்பாடும் கொடுத்து பிளாட் காட்டுகிற நம் ரியல் எஸ்டேட் அண்ணாச்சிகளுக்கு இவர்தான் ஆதிகுரு. ஏலத்தில் வந்தது சுமார் 2,65,000 டாலர். அந்த மணல்காட்டில் நடந்த முதல் சூதாட்டம் அதுதான். வழக்கம்போல ஜெயித்தது ஆட்டத்தை நடத்தியவர். மாவட்டத்துக்கே இன்றைக்குப் பெயர் கிளார்க் மாவட்டம்.

ரயில் கம்பெனிக்கு ஒழுக்கம் முக்கியம். ஆகவே சாராயம் விற்க இரண்டு பிளாக்குகளை மட்டும் ஒதுக்கியது. அதில் பிளாக் 16 சாராயத்தோடு நிற்கவில்லை. மாடியில் பெண்கள், கீழே பாட்டில், நடுவில் படிக்கட்டு என்று 1942 வரை அமோகமாக நடந்தது. பக்கத்தில் ராணுவப் பயிற்சி முகாம் வந்து, சிப்பாய்கள் சுடக் கற்றுக்கொள்வதற்கு முன் வேறு பலவற்றைக் கற்றுக்கொள்வதைப் பார்த்த அதிகாரிகள் கண்ணை உருட்டியதும் மூடினார்கள். இன்று அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். நகர மேம்பாட்டின் இறுதி நிலை பார்க்கிங் என்பது இந்தப் புராணத்தில் அடிக்கடி வரும் தத்துவம். நினைவில் வைக்கவும்.

1906-ல், கதவு எண் 1, ஃப்ரீமான்ட் தெருவில் ஹோட்டல் நெவாடா திறந்தது. ஒரு டாலர் வாடகை. மறு வருடம் ஊரின் முதல் டெலிபோன் அங்கே வந்தது. அதன் நம்பரும் 1. நம்பர் 2 வருகிற வரைக்கும் அதை அலங்காரப் பொருளாகத்தான் வைத்திருக்க முடியும்.

சட்டம் ஒழுங்கு

1910-ல் நெவாடா மாநிலத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து சூதாட்டத்தைத் தடை செய்தது. சாதாரணத் தடை இல்லை. குடித்ததற்கு யார் காசு கொடுப்பது என்று நாணயம் சுண்டிப் பார்ப்பதுகூடக் குற்றம். மக்கள் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, முன்வாசலில் ஆடிக்கொண்டிருந்ததைப் பின்வாசலில் ஆடினார்கள்.

1920-களில் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோபித்துக்கொண்ட கம்பெனி, ரிப்பேர் பட்டறையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. தெரு செத்துவிட்டது என்று முதல் முறையாகச் சொல்லப்பட்டது அப்போதுதான். 1930 கணக்கெடுப்பில் ஊர் மொத்தமே 5,165 பேர்.

அப்போது இரண்டு திருப்பணிகள் ஒன்றாக வந்தன. ஒன்று ஹூவர் அணை. இன்னொன்று 1931 மார்ச் 19 அன்று கவர்னர் ஃப்ரெட் பால்சார் போட்ட கையெழுத்து: சூதாட்டம் இனி சட்டப்படி சரி. அதே நாளில் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். நெவாடாவில் ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து கிடைக்கும். திரௌபதி அந்த ஊரில் பிறந்திருந்தால், முதல் சட்டத்தின்படி தன்னைப் பணயம் வைத்துத் தோற்றவரை, இரண்டாம் சட்டத்தின்படி ஒன்றரை மாதத்தில் கழற்றிவிட்டிருப்பாள். குருக்ஷேத்திரம் மிச்சம்.

ஊரின் முதல் சூதாட்ட லைசென்ஸ் மேமி ஸ்டாக்கர் என்ற அம்மாளுக்கு. இடம், ஃப்ரீமான்ட் தெரு நார்தர்ன் கிளப். கணவருக்கு ரயில்வேயில் வேலை, இந்த மாதிரித் தொழில் அங்கே ஆகாது என்பதால் எல்லாம் மனைவி பெயரில். வருமானம் தன்னுடையதும் பெயர் மனைவியுடையதுமாக இருக்கும் நிர்வாகக் கலை நாம் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ததல்ல, அவர்களே கண்டுபிடித்தது.

அணை கட்ட வரும் தொழிலாளர்களை லாஸ் வேகாஸிலேயே தங்கவைக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வாஷிங்டனுக்குத் தூது விட்டார்கள். அமைச்சர் பார்வையிட வந்த அன்று ஒருநாள் மட்டும் கடைகளைச் சாத்தி, ஊருக்கே விபூதி பூசி உட்காரவைத்ததாகக் கதை. வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் நைசாக நழுவி, பிளாக் 16 பக்கம் போய்விட்டு வாசனையோடு திரும்பினாராம். விளைவு: அரசாங்கம் தன் ஆட்களுக்காக போல்டர் சிட்டி என்று தனி ஊரே கட்டியது. அங்கே மதுவும் இல்லை, சூதும் இல்லை. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வாரம் முழுக்கப் பத்தியம் இருந்துவிட்டுச் சம்பள நாளில் ஃப்ரீமான்ட் தெருவுக்கு வந்தார்கள். விரதம் இருந்து வருகிற பக்தனின் பசியே தனி.

மூர்த்திகளும் பிரசாதமும்

அடுத்த முப்பது வருடம் பொற்காலம். அந்தக் காலத்தில் ஹோட்டல் நெவாடாவின் பெயர் சால் சாகெவ். ஏதோ இத்தாலியக் கனவான் போலத் தோன்றும். லாஸ் வேகாஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் கடைசியிலிருந்து படித்தால் அந்தக் கனவான் கிடைப்பார். ஊருக்கே பெயர் வைக்க யோசிக்காதவர்கள் ஓட்டலுக்கு மட்டும் மூளையைக் கசக்குவார்களா?

1946-ல் கோல்டன் நக்கெட் கேசினோவைத் திறந்தவர் கை மெக்காஃபி. லாஸ் ஏஞ்சலஸில் சூது, விபசாரத்தை ஒழிக்கும் போலீஸ் பிரிவின் தலைவராக இருந்தவர். அதே சமயம் அவற்றை நடத்திக்கொண்டும் இருந்தவர். அங்கே யோக்கியமான மேயர் வந்ததும் இவர் இங்கே வந்தார். ஸ்ட்ரிப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டியவரும் இவரே என்பார்கள். பக்கத்து எல் கோர்ட்டெஸ் கேசினோவை 1945-ல் பக்ஸி சீகல் என்ற தாதாவும் கூட்டாளிகளும் வாங்கி, அடுத்த வருடம் லாபத்துக்குக் கைமாற்றிவிட்டு, அந்தக் காசோடு நெடுஞ்சாலைப் பக்கம் போனார்கள். உற்சவருக்கு நகை செய்ய மூலவரின் உண்டியலை உடைப்பது அன்றே தொடங்கிவிட்டது.

1951-ல் டெக்ஸாஸ்காரர் பென்னி பினியன் ஹார்ஸ்ஷூ கேசினோவைத் திறந்தார். பத்தாயிரம் டாலர் நோட்டு நூறை, அதாவது பத்து லட்சம் டாலரை, கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் நின்று இலவசமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். போட்டோ உடனே கையில் கிடைக்காது, கழுவி வர நேரமாகும். அதுவரை சும்மா நிற்க முடியுமா? ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். போட்டோ இலவசம்; காத்திருப்பதற்குத்தான் காசு. 1970-ல் உலகப் போக்கர் தொடரைத் தொடங்கியவரும் இவரே. நடுவே வரி ஏய்ப்புக்காகச் சில வருடம் ஜெயிலில் இருந்தார். பின்னாளில் ஊர் அவருக்குக் குதிரைமேல் சிலை வைத்தது.

மூர்த்தி என்று ஒன்று வேண்டாமா? அதே 1951-ல் பயனியர் கிளப் வாசலில் நாற்பது அடி உயர நியான் மாடுமேய்ப்பன் எழுந்தருளினான். வேகாஸ் விக். வாயில் சிகரெட், ஆடுகிற கை, கால் மணிக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் ‘என்ன பங்காளி, சௌக்கியமா?’ என்ற தினுசில் ஒரு விசாரிப்பு. பகலில் சரி. அதிகாலை மூன்று மணிக்கு, கையிலிருந்த கடைசி டாலரையும் விட்டுவிட்டுப் படுத்தவனைச் சௌக்கியமா என்று கேட்டால்? 1966-ல் சினிமா படப்பிடிப்புக்கு வந்த நடிகர் லீ மார்வினும் சகநடிகர் உட்டி ஸ்ட்ரோடும், இவன் தொல்லை தாங்காமல் ஓட்டல் அறையிலிருந்து அம்பு விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அம்பு உண்மையோ பொய்யோ, அந்த வருடத்தோடு விக் வாயை மூடிக்கொண்டான். 1991-ல் கையும் நின்றது.

பிரசாதம்: சால் சாகெவ் கட்டடத்தில் வந்த கோல்டன் கேட் கேசினோ 1959 முதல் விற்ற இறால் காக்டெயில். கிண்ணம் நிறைய இறால், மேலே காரமான சாஸ், விலை ஐம்பது சென்ட். முப்பது வருடத்துக்கு மேல் விலை ஏறவில்லை. இறாலில் நஷ்டம்தான். ஆனால் அதை வாங்க ஸ்லாட் மெஷின்களைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்பும்போதும் அதே வழிதான்.

வாணவேடிக்கையும் இருந்தது. 1951 முதல் அறுபத்தைந்து மைல் தள்ளி அரசாங்கம் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. ஊர்க்காரர்கள் பயந்து ஓடவில்லை. வெடிக்கும் தேதிகளைக் காலண்டரில் போட்டு விற்பனையாக்கினார்கள். மொட்டை மாடியில் விடிய விடியப் பார்ட்டி, கையில் அணு காக்டெயில், கிழக்கு வெளுப்பதற்கு முன் வடமேற்கில் ஒரு சூரியன். ஃப்ரீமான்ட் தெருவில் அட்டாமிக் லிக்கர்ஸ் என்ற பார் இன்னும் இருக்கிறது. அதன் கூரைமீது ஏறி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு.

வேடிக்கை பார்க்கவும் ஒரு தகுதி வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பின மக்கள் இந்தத் தெருக் கேசினோக்களில் பெருக்கலாம், சமைக்கலாம்; ஆடவோ அறை எடுக்கவோ முடியாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெஸ்ட்சைடு என்ற பகுதிக்கு அவர்களைத் தள்ளிவிட்டார்கள். ஃப்ரீமான்ட் தெருவில் நியான் எரிந்தபோது அங்கே தார் ரோடுகூடச் சரியாக இல்லை. 1960 மார்ச்சில், பெரிய ஊர்வலம் நடத்துவோம் என்று கறுப்பினத் தலைவர்கள் எச்சரித்த பிறகுதான், டி.வி.யில் வந்தால் வியாபாரம் கெட்டுவிடுமே என்று முதலாளிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். தெருவில் யார் நடக்கலாம் என்ற வழக்கு நமக்கும் புதிதல்ல. சிரிக்க ஒன்றுமில்லை, மேலே போவோம்.

திருப்பணிக் கமிட்டி

1971-ல் தெருவின் தலைமாட்டில் இருந்த ரயில் நிலையத்தை இடித்து யூனியன் பிளாசா கேசினோவைக் கட்டினார்கள். ரயில் வருமே? அதற்கென்ன, கேசினோவோடு ஒட்டியே நிலையத்தையும் வைத்தார்கள். பயணி பெட்டியிலிருந்து இறங்கினால் நேரே சூதாட்டக் கூடம். 1997-ல் ரயிலே நின்றுபோனது. கேசினோ நிற்கவில்லை.

பெரிய இடி 1989-ல் விழுந்தது. கோல்டன் நக்கெட்டின் முதலாளி ஸ்டீவ் வின், ஸ்ட்ரிப்பில் மிராஜ் ஓட்டலைத் திறந்து, வாசலில் எரிமலை வைத்தார். எரிமலை கால அட்டவணைப்படி வெடித்தது. அதன்பின் பிரமிடு வந்தது, கோட்டை வந்தது, கடற்கொள்ளைக் கப்பல் வந்தது. ஃப்ரீமான்ட் தெருவில் கை ஆடாத ஒரு மாடுமேய்ப்பனும் மலிவு விலை இறாலும்தான் மிச்சம். தெரு மறுபடியும் செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். கமிட்டி கூடியது.

முதல் யோசனை வின்னுடையது: தெருவைத் தோண்டித் தண்ணீர் நிரப்பி வெனிஸ் ஆக்கிவிடலாம். பாலைவனத்தில் படகு! யாரும் அசையவில்லை. (1999-ல் வேறொருவர் ஸ்ட்ரிப்பில் அதையே செய்து காசு பார்த்தார்.)

இரண்டாம் யோசனை 1992-ல் வந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் விண்கலத்தை முழு அளவில், சுமார் 15 கோடி டாலர் செலவில், தெருவிலேயே நிறுத்திவிடுவது. வேடிக்கைப் பேச்சு இல்லை. கேரி காடர்ட் என்ற வடிவமைப்பாளர் படம் வரைந்து, ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டி, பாரமவுண்ட் ஸ்டூடியோவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்ற நிலைமை. ஸ்டூடியோ தலைவர் ஸ்டான்லி ஜாஃபி படத்தைப் பார்த்தார். காடர்ட் பின்னாளில் சொன்னபடி அவர் கவலை இதுதான்: சினிமா ஊத்திக்கொண்டால் இரண்டு வாரத்தில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிடலாம், ஜனங்களும் மறந்துவிடுவார்கள், இது ஊத்திக்கொண்டால் வானளாவ அங்கேயே நிற்குமே! இந்தப் புராணம் முழுக்கத் தேடினாலும் சூதாட மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் வெளியூர்க்காரர்.

கடைசியில் கட்டடக்கலைஞர் ஜான் ஜெர்டி சொன்னது நிலைத்தது: தெருவுக்குக் கூரை போடு. பாரதத்தில் பாண்டவர்களைச் சூதாட வாருங்கள் என்றா கூப்பிட்டார்கள்? புதிதாக மண்டபம் கட்டியிருக்கிறோம், பார்க்க வாருங்கள் என்றுதான் ஓலை போனது. 1995 டிசம்பரில் லாஸ் வேகாஸ் அனுப்பியதும் அதே ஓலை. கார்களை நிறுத்தி, தெருவை நடைபாதையாக்கி, 1,500 அடி நீளத்துக்கு, 90 அடி உயரத்தில் வளைந்த கூரை. உள்பக்கம் 21 லட்சம் பல்புகள். செலவு 7 கோடி டாலர். பெயர் ‘ஃப்ரீமான்ட் தெரு அனுபவம்’. மணிக்கொருமுறை கூரையில் ஒளிக்காட்சி. அது ஓடும்போது கேசினோக்கள் தங்கள் விளக்குகளை அணைத்துவிட்டன. உலகத்திலேயே பிரகாசமான தெரு, தன்னைப் பார்க்கச் சொல்லித் தன் விளக்கையே அணைத்துக்கொண்டது.

கூரை போட்டபோது ஒரு சிக்கல். விக்கின் தொப்பி இடித்தது. நாற்பது வருடமாக நிற்கிற மூர்த்தி. மண்டபத்தைத் தூக்குவதா, மூர்த்தியைக் குறைப்பதா? தொப்பி விளிம்பைச் செதுக்கினார்கள். சமாதானமாகக் கல்யாணமும் செய்துவைத்தார்கள். எதிர்ச்சாரியில் 1980 முதல் காலைத் தூக்கி உதைத்துக்கொண்டிருந்த நியான் பெண் வேகாஸ் விக்கிதான் மணமகள். பேச்சு போய், கை போய், தொப்பி நறுக்கப்பட்ட நிலையில் மாப்பிள்ளை தலை குனிந்து நின்றான். கல்யாணத்தன்று எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான்.

அதன்பின் கூரைக்கு அபிஷேகம் நிற்கவில்லை. 2004-ல் பல்பை எடுத்துவிட்டு 1.25 கோடி எல்.இ.டி. 2019-ல் 3.2 கோடி டாலர் செலவில் 4.93 கோடி எல்.இ.டி. போதாதென்று 2014-ல் பன்னிரண்டு மாடி உயர ஸ்லாட் மெஷின் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஆட்களைக் கம்பியில் கட்டிக் கூரைக்குக் கீழே பறக்கவிட்டார்கள். மேல் கம்பியில் போகிறவர்கள் குப்புறப் படுத்த நிலையில் பறக்கவேண்டும். அந்த ஊரில் காசு போன பிறகு ஏற்படும் நிலை அது. இங்கே காசு கொடுத்து முன்கூட்டியே அனுபவிக்கலாம்.

கூரை பார்க்க வருகிறவர்கள் காரை எங்கே விடுவார்கள்? 1993-ல் நகராட்சியின் மறுமேம்பாட்டு முகமை, ஒரு விதவை அம்மாளின் குடும்பச் சொத்தை எடுத்துக்கொண்டது. காரணம், நகரத்தின் நலிவைப் போக்குவது. போக்கிய விதம், பார்க்கிங் கட்டடம். கீழ்க் கோர்ட்டில் அந்த அம்மாள் ஜெயித்தார். 2003-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நகராட்சி ஜெயித்தது. கடைசியில் 45 லட்சம் டாலருக்குச் சமாதானம். பத்து வருட வழக்கில் அந்தக் கட்டடம் மட்டும் வாய்தா கேட்காமல் கார்களை வாங்கிக்கொண்டு நின்றது.

2002-ல் நியோனோபொலிஸ். கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவில் மாடி மாடியாகக் கடைகள், சினிமா அரங்குகள். எல்லாம் இருந்தது, ஜனம் தவிர. நான்கு வருடத்தில் போட்ட காசில் கால்வாசிக்குக் கைமாறியது. அங்கே ஒரு வேடிக்கை: 1992-ல் வராத ‘ஸ்டார் ட்ரெக்’ சிறிய அளவில் ஹில்டன் ஓட்டலில் பத்து வருடம் ஓடி 2008-ல் மூடியது. அடுத்து இந்தக் கட்டடத்துக்குத்தான் வருகிறது என்றார்கள். தேதியும் சொன்னார்கள். வரவில்லை. அண்டசராசரமெல்லாம் சுற்றும் கப்பலுக்கு ஃப்ரீமான்ட் தெரு மட்டும் வழி தெரியவில்லை.

தர்மகர்த்தாக்கள்

1999-ல் ஆஸ்கர் குட்மன் மேயரானார். அதற்குமுன் அவர் தாதாக்களின் வக்கீல். மையர் லான்ஸ்கி, டோனி ஸ்பிலாட்ரோ போன்ற உத்தமர்களுக்காக வாதாடியவர். கையில் மார்ட்டினி கோப்பையோடு ஊர்வலம் போவார். 1950-ல் தாதாக்களின் செல்வாக்கை விசாரிக்க செனட் குழு உட்கார்ந்த பழைய நீதிமன்றக் கட்டடத்தை மத்திய அரசிடம் ஒரு டாலருக்கு வாங்கி, தாதாக்களுக்கு அருங்காட்சியகம் ஆக்கியது நகராட்சி. திறந்த நாள் 2012 பிப்ரவரி 14. சிகாகோவில் காதலர் தினத்தன்று சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு பேரின் நினைவு நாள். அந்தச் சுவரின் செங்கற்களும் உள்ளே இருக்கின்றன. பதவிக்காலம் முடிந்து குட்மன் இறங்கியதும் அவர் மனைவி கரோலின் மேயரானார். லைசென்ஸ் மனைவி பெயரில் என்ற பழைய பாரம்பரியம் விட்டுப்போகவில்லை. ஆனால் அந்த அம்மாள் 2011 முதல் 2024 வரை இருந்து, கணவரைவிட ஒரு வருடம் கூடவே ஆண்டார்.

அடுத்தது டோனி ஷே. செருப்பு விற்கும் ஜாப்போஸ் கம்பெனியின் தலைவர். 35 கோடி டாலரைத் தெருவின் கிழக்குப் பக்கம் கொட்டினார். பழைய நகராட்சி அலுவலகத்தையே 2013-ல் தன் கம்பெனிக்குத் தலைமையகம் ஆக்கினார். மேயர் உட்கார்ந்த இடத்தில் செருப்புக் கம்பெனி. கோயிலுக்குள் செருப்போடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இது முழுக் கடை. சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கிக் கடைத்தெரு கட்டினார். வாசலில் துவாரபாலகராக, தீ கக்கும் பெரிய இரும்புக் கும்பிடுபூச்சி. முதலீட்டுக்கு மகசூல் டாலரில் இல்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளும் சந்திப்புகளில் என்றார். சில கடைகள் நின்றன, பல போயின. 2020-ல், நாற்பத்தாறு வயதில் அவரும் போய்விட்டார். கும்பிடுபூச்சி மட்டும் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர்மேல் எனக்குக் கேலி வரவில்லை. வந்த தர்மகர்த்தாக்களில் கூரைக்கு மேலே பார்க்காமல், கீழே நடக்கிற மனிதர்களைப் பார்த்தவர் அவர் ஒருவர்.

2020 அக்டோபரில் டெரெக் ஸ்டீவன்ஸ் என்பவர் சர்க்கா கேசினோவைத் திறந்தார். 777 அறைகள். நாற்பது வருடத்தில் அந்தப் பகுதியில் அடிமட்டத்திலிருந்து கட்டிய முதல் பெரிய ஓட்டல். இதற்காக இடித்தவற்றில் மெர்மெய்ட்ஸ் என்ற சின்னக் கேசினோவும் ஒன்று. ஓரியோ பிஸ்கெட்டை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டு விற்ற புண்ணிய ஸ்தலம். விக்கியைச் சுத்தம் செய்து உள்ளே பாரில் உட்காரவைத்துவிட்டார்கள். ஏ.சி. அறைக்குள் அவள், வெளியே வெறித்துப் பார்த்துக்கொண்டு விக். கார் நிறுத்தும் மாடிக்குப் பெயர் கராஜ் மகால். ஷாஜகான் மனைவிக்குக் கட்டினார், இவர்கள் காருக்கு.

ஆறடி

இவ்வளவு திருப்பணிக்கும் நடுவில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. கூரை போட்ட சூட்டில் நகராட்சி, இது இனி தெருவே அல்ல, நடத்துவது தனிக் கம்பெனி, ஆகவே துண்டுப் பிரசுரம் கொடுக்காதே, கையேந்தாதே என்று விதி போட்டது. வழக்கு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2003-ல் தீர்ப்பு: பெயரை மாற்றினாலும், கூரை போட்டாலும், காரை நிறுத்தினாலும் தெரு தெருதான். அதில் பேசவும் நிற்கவும் ஜனங்களுக்கு உரிமை உண்டு. ஏழு கோடி டாலர் திட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்து யாரும் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் இது.

அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூத்துக்காரர்கள் வந்தார்கள். கிடார் வாசிப்பவர், வெள்ளி வண்ணம் பூசிச் சிலையாக நிற்பவர், அரைகுறை ஆடைச் சன்னியாசினிகள், தொப்பை வைத்த சூப்பர்மேன்கள். நடக்க வழியில்லை. விரட்டினால் கோர்ட்டு. ஆகவே 2015-ல் நகராட்சி தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தது. தரையில் ஆறடி விட்டத்தில் 38 வட்டங்கள் வரைந்தது. மாலை ஆட்டத்துக்கு எந்த வட்டத்தில் யார் நிற்பது என்பது குலுக்கல். இரண்டு மணி நேரம் ஆனதும் மாறவேண்டும்.

1905-ல் அதே தெருமுனையில் கிளார்க்கின் ஆட்கள் 110 ஏக்கரைக் கூறு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் போனார்கள், கட்டியவர்கள் போனார்கள், இடித்தவர்கள் போனார்கள். மனிதனுக்குக் கடைசியில் ஆறடி நிலம் என்பது நம் ஊர் வேதாந்தம். அந்தத் தெருவில் அது வேதாந்தம் இல்லை, நகராட்சி விதி. ஆறடி உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு, குலுக்கலில் விழுந்தால்.